குளிரில் தார்ச்சாலை விரிசல்: சோதனைக் கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் தில்லி 4 டிகிரிக்கு இறங்கினாலே முனிர்க்காவில் நம் ஊர்ப் பிள்ளைகள் கம்பளிக்குள் சுருண்டுவிடுவார்கள். லடாக்கின் லே, திராஸ் பக்கத்துச் சாலைகளுக்கு அது குளிரே இல்லை. மைனஸ் 20 வரை போகும் இடங்களில் தார்க்கலவை சுருங்கப் பார்க்கும். அடி அடுக்கு அதைப் பிடித்து வைத்திருப்பதால் சுருங்க வழியில்லை. உள்ளே இழுவிசை ஏறி ஏறி, ஒரு ராத்திரியில் சாலை குறுக்காகப் பிளந்துவிடும். அதைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனையை இங்கே மே, ஜூன் வெயிலிலும் செய்கிறோம். தவறுகள் அங்கேதான் நுழைகின்றன.

பெரிய தவறு, குளிர்ப்பெட்டியின் திரையை நம்புவது. தார்க்கலவை வட்டைக் குளிரில் இழுத்துப் பிளந்து பார்ப்பது டி.சி.டி. சோதனை; அதற்கான வட்டு 150 மி.மீ. விட்டம், 50 மி.மீ. தடிமன். வேலைக்குப் புதிதாக வந்த சேலத்துத் தம்பி ஒருநாள், "அண்ணா, மைனஸ் 18 காட்டுது, ஆரம்பிக்கலாமா?" என்றான். நடுவில் துளையிட்டுத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகிய இன்னொரு வட்டை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருப்போம். அதைப் பார்க்கச் சொன்னேன். மைனஸ் 9! காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும், வட்டின் நடுப்பகுதிக்குப் பல மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டால் கலவை இளக்கமாகவே இருந்து முறிவு ஆற்றல் (பிளக்கச் செலவாகும் ஆற்றல்) கூடுதலாக வரும், தேறக்கூடாத கலவை தேறிவிடும். மழைக்காலத்தில் கதவைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம் உறைந்து, பிளவை அளக்கும் கருவி உட்காரும் விளிம்பில் பனி படியும். அதையும் கவனியுங்கள்.

அடுத்தது, எந்த வெப்பநிலையில் சோதிப்பது என்பது. டி.சி.டி.யில் தாரின் தாழ்நிலைத் தரத்தைவிட (எந்தக் குளிர்வரை தாங்கும் என்று சொல்லும் எண்) 10 டிகிரி மேலே வைப்பது வழக்கம். மைனஸ் 28 தரம் என்றால் மைனஸ் 18. பிசுபிசுப்பை வைத்துப் பிரிக்கும் நம் வி.ஜி. 10, வி.ஜி. 30 தார்த் தரங்களில் இந்தத் தாழ்நிலை எண் கிடையாது. 60, 135 டிகிரியில் பிசுபிசுப்பு, 25 டிகிரியில் ஊசி இறக்கம், இப்படித்தான் அளவுகள் இருக்கும். ஆகவே ஒரே வி.ஜி. 10 என்று வரும் இரண்டு லோடுகள் குளிரில் வேறு வேறாக நடந்துகொள்ளலாம். முதலில் பி.பி.ஆர். கருவியில் (சிறு தார்ப்பட்டையைக் குளிரில் வளைத்துப் பார்ப்பது) தாரைச் சோதியுங்கள். 60-ஆம் விநாடியில் விறைப்பு 300 மெகாபாஸ்கலுக்கு மேல் போகக்கூடாது, எம்-மதிப்பு (விறைப்பு தளரும் வேகம்) 0.300-க்குக் கீழே இறங்கக்கூடாது.

மார்ஷல் எண் (கலவை எவ்வளவு சுமை தாங்கும் என்பது) நன்றாக இருக்கிறது, போதும் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துச் செய்யும் சோதனை. விறைப்பான தார் அதில் மார்க் வாங்கும், குளிரில் முதலில் உடைவதும் அதுதான். 25 டிகிரியில் அரைவட்டச் சாம்பிளை வளைத்து உடைக்கும் சோதனையும் கடுங்குளிர் விரிசலுக்குப் பதில் சொல்லாது. அதில் இன்னொரு பொறியும் உண்டு: காற்று இடைவெளி கூடினால், விரிசலை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் நெகிழ்வு எண்ணும் கூடும். சரியாக இறுக்காத சாம்பிள் நல்ல சாம்பிளாகத் தெரியும். இடைவெளியை 7 சதவீதத்தில், அரை சதவீதம் முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முதுமை. புதுக் கலவை குளிரைத் தாங்கும். ஆக்சிஜன் ஏறி இறுகிய பழைய தார்தான் பிளக்கும். இறுக்கிய சாம்பிளை 85 டிகிரி அடுப்பில் 5 நாள் வைப்பது இதற்காகவே. நேரமில்லை என்று இதை விட்டுவிடாதீர்கள்.

சாம்பிளின் இரு முனையையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மணிக்கு 10 டிகிரி குளிர்விக்கும் சோதனையில், பசை ஒட்டிய இடத்தில் உடைந்தால் அந்த முடிவு செல்லாது. கோணலாக ஒட்டியிருப்பீர்கள்.

முடிந்ததும் உடைந்த முகங்களைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பாருங்கள். கடுங்குளிரில் விரிசல் ஜல்லியையே அறுத்துக்கொண்டு போயிருக்கும். எல்லா ஜல்லியையும் சுற்றிக்கொண்டு போயிருந்தால், ஒன்று ஒட்டுதல் பலவீனம், அல்லது சாம்பிள் உள்ளே குளிரவே இல்லை. தெர்மோகப்பிள் பதிவை எடுத்துப் பாருங்கள்.