கலாநிதிப் படிப்பில் பாடநெறி எடுக்கும்போது விடும் பிழைகள்

கலாநிதிப் படிப்பு என்றதும் ஒரு மேற்பார்வையாளர், ஒரு தலைப்பு, தடித்த ஆய்வேடு ஒன்று, அவ்வளவுதான் என்று யாழ்ப்பாணத்தில் பலர் நினைக்கிறார்கள். பிரித்தானியாவில் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டாம் மொழிக் கற்கைகளுக்காக (தாய்மொழி அல்லாத மொழியை மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் துறை) ஹவாய், மிச்சிகன் ஸ்டேட், இந்தியானா போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்குக் கதை வேறு. முதலில் வகுப்பு, கட்டுரை, புள்ளி, பிறகு ஆய்வேடு தொடங்கத் தகுதி உண்டா என்று பார்க்கும் தகுதிகாண் பரீட்சை, அப்புறம்தான் ஆய்வேடு.

எங்கள் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது புள்ளிவிபரவியலில். சாதாரண தரத்தோடு கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு, உயர்தரத்தில் கலைப்பிரிவு, கம்பஸில் ஆங்கிலம் என்று வந்தவர்கள் அந்தப் பாடத்தைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். பிழை அங்கேதான். இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி எண்களால் ஆனது. முதல் வருடத்திலேயே அந்தப் பாடத்தை எடுத்தால்தான் மற்ற வகுப்புகளில் தரும் வாசிப்புகளே விளங்கும். புள்ளிவிபரக் கணக்குகளைச் செய்யும் ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறைக்குள் இருந்தே தொடங்கலாம்.

இன்னொன்று, மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி. விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், தெரிந்த ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதைப் பதிவுசெய்துகொண்டு போய்ப் பாடநெறிக் கட்டுரை எழுதிவிடலாம், விரிவுரையாளர் புள்ளியும் போடலாம். பின்னர் அதையே ஆய்வேட்டுக்கு விரிக்கப் பார்த்தால் சிக்கல்தான். அந்தக் குழு நடந்து முடிந்த வேலைக்குப் பின்தேதியிட்டு அனுமதி தராது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம், பிள்ளையின் சம்மதம் இரண்டுமே வழக்கமாகக் கேட்கப்படும். பாடசாலைக்குள் போகக் கல்வித் திணைக்களத்தின் அனுமதி வேறு. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் போகலாம். ஆகவே முறையியல் வகுப்பு தொடங்கும் தவணையிலேயே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.

சுவையான பாடமெல்லாம் எடுப்பதும் ஆபத்துத்தான். மொழிச் சோதனை பற்றி ஆய்வு செய்யப்போகிறவர் மூன்று தவணை உரையாடல் பகுப்பாய்விலேயே (பதிவுசெய்த பேச்சை நுணுக்கமாக ஆராய்வது) திரிந்தால், ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவில் இருக்கும்படி கேட்க, அவருடைய தலைப்பில் அவரை அறிந்த ஆசிரியர்கள் இருக்கமாட்டார்கள். கட்டுரையை முடிக்காமல் 'பிறகு தருகிறேன்' என்று இழுத்து வைப்பதும் பரீட்சை நேரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

இங்கே எடுத்த முதுமாணிப் பாடங்களை ஏற்று, அங்கே எடுக்கவேண்டிய பாடங்களில் அவற்றைத் தானாகவே கழித்துவிடுவார்கள் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள். சில துறைகள் ஒன்றிரண்டை ஏற்கும், சில எதையும் ஏற்காது. பாடத்திட்ட விபரத்தையும் வாசிப்புப் பட்டியலையும் கையோடு கொண்டுபோனால் வாதாடவாவது முடியும். ஆங்கிலம் தவிர வேறு மொழி வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை உண்டு. தமிழை ஏற்பார்களா, சிங்களத்துக்குச் சோதனை வைப்பார்களா என்பதைச் சேரும் முன்பே துறைக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.