உள்ளேயிருந்து ஒழுகும் கூரை: கனடா கிளம்பும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

இரண்டு வாரமாக ராயபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கல்மண்டபத்தில் அக்கா பையன், தண்டையார்பேட்டையில் நண்பன் மகள் என்று தெரிந்த வட்டத்திலேயே நாலு பேர் இந்த வருஷம் ஒட்டாவாவுக்குக் கிளம்புகிறார்கள். "இறங்கினதும் முதல்ல என்ன பண்ணணும் மாமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

ஆபீஸ் வேலைகளுக்குப் பயப்பட வேண்டாம். சர்வீஸ் கனடா என்ற அரசு ஆபீஸில் வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சின் நம்பர், அப்புறம் தகுதி உள்ளவர்களுக்கு ஓஹிப் கார்டு (ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடு), பேங்க் கணக்கு, வண்டி ஓட்டப் பழகும் லைசென்ஸுக்கு ஜி1 எழுத்துத் தேர்வு. பாஸ்போர்ட்டும், கனடாவில் தங்க அனுமதி தந்த காகிதமும், வீட்டு விலாசத்துக்கு ஆதாரமும் கையில் இருந்தால் எல்லாம் தானாக நடக்கும். எனக்கு யாரும் சொல்லாமல் விட்டது கூரையைப் பற்றி. அதில் 9,000 டாலர் போனது.

நமக்குத் தெரிந்த கூரை வேறு. அம்மா வீடு பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டோடு பதித்தது. ஐப்பசி அடைமழையில் எங்காவது ஒழுகினால், மொட்டை மாடியில் ஏறி விரிசலைத் தேடி அடைப்போம். தண்ணீர் மேலேயிருந்துதான் வரும், ஓட்டையை அடைத்தால் நிற்கும். இந்தப் பாடம் நம் ரத்தத்தில் இருக்கிறது. கனடாவில் என்னைக் கவிழ்த்ததும் இதே பாடம்தான்.

2021 கடைசியில் ஒரு பழைய வீட்டை வாங்கினேன். வீட்டுக்கு அடிதடியாக இருந்த நேரம். இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்றார்கள், கொடுத்தேன். நவம்பரில் ஆட்டிக் மூடியைத் திறந்து தலையை நீட்டினேன். ஆட்டிக் என்றால் சரிவான கூரைக்கும் வீட்டின் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடம். கொலு பொம்மையும் பித்தளை அண்டாவும் ஏற்றி வைக்கும் நம் பரண் மாதிரி நினைக்காதீர்கள். இறவாரத்து ஓரத்திலிருந்து சில்லென்று காற்று வந்தது. குளிருக்குக் கட்டிய வீட்டில் இப்படியும் ஓட்டை விடுவார்களா என்று எரிச்சல். பஞ்சு மாதிரி இருக்கும் ஃபைபர்கிளாஸ் இன்சுலேஷன் நாலு மூட்டை வாங்கி, ஓரம் முழுக்கத் திணித்து அடைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பிப்ரவரியில், மழையும் பனியும் இல்லாத ஒரு வெயில் நாளில், படுக்கையறை சீலிங்கில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம். கூரைக்காரரைக் கூப்பிட்டேன். ஏணி போட்டு மேலே பார்த்தார், ஷிங்கிள், அதாவது கூரை மேல் ஒட்டும் தகடுகள், கிழடு தட்டிவிட்டது என்றார். 9,000 டாலருக்குப் புதுக் கூரை. ஆட்டிக் மூடியை அவர் திறக்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த ஜனவரியில் ஒரு வாரம் மைனஸ் 25. பிறகு ஒரே நாளில் பிளஸ் 3. அதே இடத்தில் சொட்ட ஆரம்பித்தது.

கூட வேலை செய்பவரின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவில் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். வந்தவர் கூரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "தம்பி, பாத்ரூம் ஃபேனைப் போட்டுட்டு வெளியில வந்து நில்லுங்கோ. காத்து எங்காலை வருதெண்டு பாப்பம்" என்றார். வீட்டைச் சுற்றி வந்தோம். எங்கேயும் காற்று வரவில்லை. அப்புறம்தான் மூடியைத் திறந்தோம்.

டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் புளியங்கொட்டை அளவு உறைபனி. பலகையில் கருப்புக் கருப்பாகப் பூஞ்சை. பாத்ரூம் ஃபேனின் வெள்ளிக் குழாய் வெளியே போகாமல் இன்சுலேஷன் மேல் பாம்பு மாதிரி படுத்திருந்தது. குளித்த ஆவி மொத்தமும் அங்கேதான் கொட்டியிருக்கிறது. அது வெளியேற இருந்த வழியை என் கையாலேயே அடைத்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 18 கிராம் ஈரத்தைத் தாங்கும். மைனஸ் 20-இல் அதே காற்று தாங்குவது சுமார் 1 கிராம். வீட்டுக்குள்ளிருந்து சூடான ஈரக்காற்று மேலே கசிந்து குளிர்ந்த பலகையில் பட்டால், மிச்ச ஈரம் பனியாக ஒட்டிக்கொள்ளும். வெயில் வந்ததும் உருகிச் சொட்டும். நாமோ இட்லி அவிப்போம், சோறு வடிப்போம், குளிர்காலத்தில் துணியையும் வீட்டுக்குள்ளேயே காயப்போடுவோம். நம் வீட்டில் ஆவிக்குப் பஞ்சமே இல்லை.

அதனால்தான் அங்கே ஆட்டிக்கை வேண்டுமென்றே வெளியைப் போல குளிராக விடுகிறார்கள். சூட்டை நிறுத்த வேண்டிய இடம் சீலிங். அதன் மேல்தான் இன்சுலேஷன், ஒன்டாரியோவில் புது வீடுகளுக்கு ஆர்-60 அளவில் (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு). இறவாரத்தின் அடியில் சாஃபிட் வென்ட் என்ற காற்றுத் துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, உச்சியில் உள்ள வென்ட் வழியாக வெளியேற வேண்டும். சாதாரணச் சரிவுள்ள கூரைக்குக் காற்று போகும் திறப்பு சீலிங் பரப்பில் 300-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 1,200 சதுர அடி வீட்டுக்கு 4 சதுர அடி, அதைக் கீழே பாதி மேலே பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். வலையும் தகடும் அடைக்கும் இடத்தைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு.

கசியும் சூட்டில் வேறொரு தொல்லையும் உண்டு. கூரை நடுவில் பனி உருகி, வழிந்து, குளிர்ந்த இறவாரத்தில் மறுபடி உறைந்து அணை மாதிரி நிற்கும். பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் ஏறி உள்ளே வரும்.

சரிசெய்ய 1,400 டாலர் ஆனது. நான் திணித்ததையெல்லாம் பிடுங்கி, காற்று போகும் வழி மூடாதிருக்க இறவாரத்து ஓரத்தில் சட்டங்களுக்கு நடுவே பேஃபிள் என்ற தடுப்புத் தட்டுகளை அடித்தார்கள். ஃபேன் குழாயை இன்சுலேஷன் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். விளக்குப் பெட்டி, தண்ணீர்க் குழாய்களைச் சுற்றியிருந்த இடுக்குகளை அடைத்து, ஆட்டிக் மூடிக்கு ரப்பர் பட்டி போட்டார்கள். சீலிங் இடுக்குகளை அடைப்பதுதான் இதில் முக்கியம். அதை விட்டுவிட்டு ஆட்டிக்கில் மின்விசிறி மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள், வீட்டுச் சூட்டையும் ஈரத்தையும் அது இன்னும் மேலே இழுக்கும். பூஞ்சையைச் சுத்தம் செய்த செலவு தனி. நாளடைவில் சேர்ந்த ஈரம் என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

நீங்களாக ஏறிப் பார்ப்பதானால் சட்டத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள், இடையில் வைத்தால் சீலிங்கைப் பொத்துக்கொண்டு கால் கீழே வரும். பழைய வீட்டில் சாம்பலும் பழுப்புமாக, மினுமினுக்கும் சிறு கூழாங்கல் மாதிரி எதுவும் கொட்டிக் கிடந்தால் தொடாமல் இறங்கிவிடுங்கள். அது வெர்மிக்யூலைட். ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், சோதித்துப் பார்க்கும் வரை கலைக்கக் கூடாது.

முதலில் வாடகைக்குத்தான் போவீர்கள். அப்போதும் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள், 15, 20 டாலர்தான். குளிர்காலத்தில் 30-லிருந்து 40 சதவீதத்துக்குள் நிற்கட்டும், கடும் குளிரில் 30-க்கும் கீழே. குளித்த பிறகு இருபது நிமிஷம் ஃபேன் ஓடட்டும். சீலிங்கில் கறை தெரிந்தால் போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒன்டாரியோ சட்டப்படி வீட்டைப் பழுதில்லாமல் வைப்பது அவர் பொறுப்பு.

நேற்று இங்கே மாடியில் தட்டோடு மாற்றிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா தம்பி, ஓட்டைய வுட்டா தான் ஒழுகாதா?" என்றார். காசிமேட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்து, காற்று எங்கே நுழைந்து எங்கே போகும் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ சமையக்கட்டுப் பொகக்கூண்டு மாதிரி" என்றார். ஆமாம் அண்ணே, அதேதான் என்றேன்.

அக்கா பையன் ஆகஸ்டில் கிளம்புகிறான். ஜனவரியில், நல்ல குளிரடிக்கும் காலையில், பாத்ரூம் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன். சுவரிலோ கூரையிலோ ஒரு மூடி படபடத்து வெள்ளையாக ஆவி வந்தால் எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். வராவிட்டால் உடனே போன் செய்ய வேண்டும், எந்த நேரமாக இருந்தாலும்.