ஜெர்மன் சொற்களின் பால்: தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பாட்டு மேசையில் உள்ள கரண்டி ஜெர்மன் மொழியில் ஆண்பால்: டேர் லெஃபல். முள்கரண்டி பெண்பால்: டீ காபல். கத்தியோ இரண்டும் அல்லாத நடுப்பால்: டாஸ் மெஸ்ஸர். பெயருக்கு முன்னால் நின்று பாலைக் காட்டும் சொற்களே டேர், டீ, டாஸ். கரண்டியில் என்ன ஆண்மை என்று யோசிப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மனிதரானால் அவன், அவள், அவர். மற்றதெல்லாம் அது, அவை. அதே கண்ணோடு ஜெர்மனுக்குள் போவதுதான் முதல் தவறு. அங்கே மனிதர்களைக் குறிக்கும் பல சொற்களைத் தவிர மற்றவற்றில் பால் பொருளுக்கு உரியதல்ல, சொல்லுக்கு உரியது.

இதற்கு நல்ல சான்று சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் என்ற சொல். அது நடுப்பால், டாஸ் மேட்ஷென். ஜெர்மானியர்கள் சிறுமியை அஃறிணையாக நினைக்கிறார்கள் என்று பொருளில்லை. 'ஷென்' என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. அது ஒட்டிய எந்தச் சொல்லும் டாஸ்தான். சிறு ரொட்டியும் டாஸ் ப்ரோட்ஷென்.

பொருளில் காரணம் கிடைக்காதவர்கள் அடுத்து எதிர்முனைக்குப் போய், "இதற்கு விதியே கிடையாது, எல்லாம் மனப்பாடம்தான்" என்கிறார்கள். இதுவும் தவறு, பல மாத உழைப்பை வீணாக்கும் தவறு. சொல்லின் முடிவைப் பாருங்கள். உங், ஹைட், கைட், ஷாஃப்ட், டேட் என்னும் விகுதிகள் வந்தால் டீ. செய்தித்தாள் டீ ட்ஸைட்டுங், குடியிருப்பு டீ வோனுங், சுதந்திரம் டீ ஃப்ரைஹைட், பல்கலைக்கழகம் டீ உனிவெர்ஸிடேட். லிங், இஸ்முஸ் என முடிபவை டேர். வினைச்சொல்லை அப்படியே பெயராக்கினால் டாஸ்: சாப்பிடுதல், சாப்பாடு இரண்டும் டாஸ் எஸ்ஸன். கிழமைகள், மாதங்கள், பருவங்கள் எல்லாம் டேர். இவ்வளவைத் தெரிந்துகொண்டாலே செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் கணிசமான சொற்களின் பாலைத் தயங்காமல் சொல்லிவிடலாம்.

ஆனால் விகுதி எது, வேர் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தாவுதலைக் குறிக்கும் ஷ்ப்ருங் என்ற சொல்லும் 'உங்' என்றுதான் முடிகிறது; அங்கே அது வேரின் பகுதி, ஆகவே டேர் ஷ்ப்ருங். 'எ' என்று முடிபவை பெரும்பாலும் டீ: லாம்பெ, ஷூலெ, ஷ்ட்ராஸெ. இதை முழு விதியாக நம்பினால் டேர் கேஸெ (பாலாடைக்கட்டி), டேர் நாமெ (பெயர்), டாஸ் எண்டெ (முடிவு) மூன்றும் காலை வாரிவிடும். 'அர்' என்று கேட்கும் முடிவை நம்பவே வேண்டாம்: டேர் கம்ப்யூட்டர், டீ புட்டர், டாஸ் ஃபென்ஸ்டர்.

கூட்டுச்சொற்களைக் கண்டு மிரளுவது தேவையில்லாத பயம். கடைசிச் சொல்லின் பாலே முழுச் சொல்லுக்கும் பால். வீடு டாஸ் ஹவுஸ், கதவு டீ ட்யூர்; வீட்டுக்கதவு டீ ஹவுஸ்ட்யூர். இதற்கு ஒரு விலக்கு: வாரம் டீ வோஹெ என்றாலும், 'நடுவாரம்' என்று பொருள்படும் புதன்கிழமை டேர் மிட்வோஹ். மற்றக் கிழமைகளோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

தமிழர்களுக்கே உரிய இரண்டு தவறுகளை வகுப்புகளில் போதுமான அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் எண்ணம். ஒன்று, 'அது'. சாவி எங்கே என்று கேட்டால் "அது மேசைமேல் இருக்கிறது" என்போம். அந்தப் பழக்கத்தில் ஜெர்மனிலும் எல்லாப் பொருளுக்கும் நடுப்பாலுக்குரிய 'எஸ்' போட்டுவிடுகிறோம். சாவி டேர் ஷ்லுஸல் என்பதால் அதற்கு 'ஏர்' வர வேண்டும், அவன் என்பதற்குரிய அதே சொல். விளக்கு டீ லாம்பெ, அதற்கு 'ஸீ', அவள் என்பதற்குரிய சொல். டேர் என்று சரியாக எழுதியவர்கள்கூட அடுத்த வாக்கியத்தில் எஸ் என்று எழுதுகிறார்கள். இதைப் போக்க ஒரே வழி, இரண்டு வாக்கியங்களாகப் பயிற்சி செய்வது: பொருளின் பெயரைச் சொல்லி ஒன்று, பெயருக்குப் பதிலாக ஏர், ஸீ, எஸ் போட்டு இன்னொன்று.

மற்றொன்று, இரண்டாம் வேற்றுமை. "தம்பி பார்த்தேன்" என்று நாம் சொல்வதில்லை, ஐ கட்டாயம். ஆனால் "மேசை வாங்கினேன்" என்பதில் ஐ இல்லாமலே பொருள் நிறைகிறது. ஜெர்மன் இந்தச் சலுகையைத் தருவதில்லை. டேர் டிஷ், வாங்கும்போது டேன் டிஷ். ஒரு மேசை வாங்கினால் ஐனன் டிஷ். நாம் ஐன் டிஷ் என்று நிறுத்திவிடுகிறோம். இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஒருமையில் இந்த மாற்றம் ஆண்பால் சொற்களுக்கு மட்டும்தான். டீ, டாஸ் இரண்டும் அப்படியே இருக்கும். ஆகவே ஆண்பால் சொற்களைத் தனியாக ஒரு நிறத்தில் குறித்துவைத்து, வாங்கு, பார், எடு போன்ற வினைகளோடு சேர்த்தே பழகினால் போதும்.

படிக்கும்போது கண்ணில் படும் டேர் எல்லாம் ஆண்பால் என்று குறித்துக்கொள்வதும் அடிக்கடி நேர்கிறது. சூரிச்சிலோ பேர்னிலோ வாழும் ஈழத்தமிழர் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும்போது "இஷ் வோனெ இன் டேர் ஷ்வைட்ஸ்" (நான் சுவிட்சர்லாந்தில் வசிக்கிறேன்) என்பார். சுவிட்சர்லாந்து டேர் அல்ல, டீ ஷ்வைட்ஸ். 'இன்' என்னும் முன்னிடைச்சொல் இருக்கும் இடத்தைச் சொல்லும்போது டீ, டேர் ஆகிவிடுகிறது. டேர், டாஸ் இரண்டும் டேம் ஆகின்றன. அதேபோல் டீ என்று கண்டதும் பெண்பால் என்று முடிவு செய்யக் கூடாது. பன்மையில் மூன்று பாலுக்கும் டீதான். வாக்கியத்திலிருந்து பாலை ஊகிக்காமல், அகராதியில் எழுவாய் வடிவத்தைப் பார்த்து, பன்மையோடு எழுதிக்கொள்ளுங்கள்: டேர் டிஷ், டீ டிஷெ.

'ஐன்' போட்டுக் கற்பவர்களுக்கும் இதே சிக்கல். ஐன் டிஷ், ஐன் ஹவுஸ்: ஆண்பாலும் நடுப்பாலும் ஒன்றாகத் தெரிகின்றன. புதிய என்று ஒரு பெயரடை சேர்த்ததும் நோயர் டிஷ், நோயெஸ் ஹவுஸ் என்று பிரிந்துவிடுகின்றன. அப்போது பால் தெரியாதவர் திகைக்க வேண்டியதுதான்.

சந்தேகம் வந்தால் டேர், டீ என்பதை வாய்க்குள் முணுமுணுத்துக் கடந்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தவறாகவேனும் தெளிவாகச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் திருத்த முடியும். சில சொற்களில் பொருளே மாறும்: டேர் லைட்டர் தலைவர், டீ லைட்டர் ஏணி, டீ ஷ்டோயர் வரி, டாஸ் ஷ்டோயர் வண்டியின் ஸ்டீயரிங்.

ஜெர்மன் பேசுவோரே ஒத்துப்போகாத சொற்களும் உண்டு. தயிர்வகையான யோகுர்ட்டை டேர் என்றும் டாஸ் என்றும் சொல்கிறார்கள். ட்ராம் வண்டி ஜெர்மனியில் பொதுவாக டீ, சுவிட்சர்லாந்தில் டாஸ். இத்தகைய சொற்களில் யார் சரி என்று வாதிட வேண்டாம்; நீங்கள் வாழும் ஊரின் வழக்கைப் பின்பற்றுங்கள். எழுத்துத் தேர்வில் ஐயம் வரக்கூடிய சொற்களை மட்டும் டூடன் அகராதியில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.