மூட்டு ஜெல் ஊசி: பணம் கட்டுவதற்கு முன்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குப் போடும் ஹைலூரானிக் அமில ஊசியை ‘ஜெல் ஊசி’ என்று சொல்லியே பலர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளர்ந்துவிடும் என்று நம்புவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மூட்டுத் திரவத்துக்கு வழவழப்பைத் தரும் இந்த அமிலம் நம் உடலிலேயே இருப்பதுதான். தேய்மானத்தில் அந்தத் திரவம் நீர்த்துப்போவதால் வெளியிலிருந்து செலுத்திப் பார்க்கிறார்கள். அதனால் புதுக் குருத்தெலும்பு முளைப்பதாக நிரூபணம் இல்லை.

வலியாவது குறையுமா? பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2022-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்தில்லாத போலி ஊசியைவிட இதில் கிடைக்கும் கூடுதல் நிவாரணம் மிகச் சிறியது. பெரும்பாலோர் வித்தியாசத்தை உணரும் அளவுக்கு இல்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி இடுப்பு மூட்டுக்கு இதை உறுதியாக வேண்டாம் என்கிறது. முழங்காலுக்கும் பரிந்துரைக்கவில்லை, ஆனால் மற்ற வழிகள் பலிக்காதபோது மருத்துவரோடு பேசி முடிவெடுக்க இடம் தருகிறது. எனவே தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு இரண்டையும் முயன்று பார்க்காமல் நேராக ஊசிக்குப் போவது எனக்கு வருத்தம் தருகிறது. ஊசி போட்ட கையோடு பயிற்சியை நிரந்தரமாக விட்டுவிடுவது அதைவிட மோசம்.

போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தால் மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். சில தயாரிப்புகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுபவை. கோழி, முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முழங்காலைச் சுற்றிப் புண் இருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் திட்டமிருந்தால் அதையும் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய 3 மாதங்களுக்குள் மூட்டுக்குள் ஊசி போட்டால் கிருமித்தொற்று அபாயம் கூடக்கூடும்.

ஊசிக்குப் பின் 48 மணி நேரத்துக்கு ஓட்டம், கனமான வேலை, நெடுநேரம் நிற்பது கூடாது. லேசான வலியும் வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கும். மூட்டு சிவந்து, சூடாகி, காலை ஊன்ற முடியாதபடி வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.