பாறை விரிசலை அளக்க நாடாவை இரண்டு திசையில் கட்டுங்கள்

முதலில் இடம். செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு ஏறும் சாலையின் வெட்டுமுகங்களில் வண்டி நெரிசல் அதிகம், தலைக்கு மேலே தளர்ந்த கல்லும் இருக்கும். வேலை நின்றுபோன கல்குவாரி (மலையாளப் பக்கம் 'பாறமட') கிடைத்தால் அதுவே வசதி. அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

30 மீட்டர் துணிநாடா, சாய்வுமானியுள்ள காம்பஸ், சாக்பீஸ், சிறு பலகை, அரை மில்லிமீட்டர் பிரிவுள்ள அளவுகோல் போதும். இரும்புநாடா வேண்டாம், காம்பஸ் முள் திரும்பும். சுத்தியலையும் செல்போனையும் தள்ளி வையுங்கள். சார்னோகைட்டில் (இந்த மலையின் கருநிறக் கடினக் கல்) மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது இருந்தால் பாறையே முள்ளை இழுக்கும். ஒரே விரிசலை இரண்டடி நகர்ந்து மீண்டும் அளந்தால் தெரிந்துவிடும்.

நாடாவைப் பாறைமுகத்தில் இறுகக் கட்டி, அதை வெட்டும் ஒவ்வொரு விரிசலுக்கும் தூரம், சாய்வுத் திசை, சாய்வு, தெரியும் நீளம், வாய் அகலம், உள்ளே இருப்பது (களிமண்ணா, துருக்கறையா), ஈரம் ஆகியவற்றை எழுதுங்கள். பாறைமுகம் கரடுமுரடாக இருக்கும். பலகையைப் பதித்து அதன்மேல் காம்பஸை வையுங்கள். 045/70 என்று திசைக்கு மூன்று இலக்கம், சாய்வுக்கு இரண்டு. செங்குத்து விரிசலில் 045/88, 225/88 இரண்டும் ஒரே கூட்டம்தான் (ஏறக்குறைய ஒரே போக்கில் இணையாக ஓடும் விரிசல்களே ஒரு கூட்டம்). தனித்தனியாக எண்ணி ஏமாறுகிறவர்கள் நிறைய.

எதை எழுதக்கூடாது? வெடித்துளையின் பாதிக்குழாய்த் தடத்தைச் சுற்றி நட்சத்திரமாகப் பிரியும் கீறல்கள் வெடியால் வந்தவை; புதுக்கல் நிறத்தில், கறையில்லாமல், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். அச்சன்கோவில் வெட்டு மண்டலத்தின் (பாறை நசுங்கி நகர்ந்த பழைய நீண்ட பட்டை) போக்கில் வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் தாது வரிகளும் விரிசல் அல்ல, கல் அங்கே பிரிந்து நின்றாலொழிய. மலைச்சரிவுக்கு இணையாக வெங்காயத்தோல்போல் உரியும் தகடுகளைத் தனிக் கூட்டமாக வையுங்கள். ஆழம் போகப்போக அவை அருகிவிடும்.

பெரிய தவறு ஒற்றை நாடாதான். நாடாவுக்கு இணையாக ஓடும் விரிசல் அதில் விழவே விழாது. ஆகவே ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டாவது கோடு கட்டாயம். முடிந்தால் செங்குத்தாக மூன்றாவதும். ஒவ்வொரு கோடும் சராசரி இடைவெளியைப் போல் 50 மடங்கு நீளம் இருக்கட்டும்: 40 செ.மீ. இடைவெளிக்கு 20 மீட்டர்.

பிறகு திருத்தம். நாடா விரிசலைச் சாய்வாக வெட்டினால் இடைவெளி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். விரிசல் தளத்துக்குச் செங்கோணத்தில் நிற்கும் கோட்டுக்கும் நாடாவுக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைனால் அளந்த இடைவெளியைப் பெருக்குங்கள். 60 பாகை என்றால் 1 மீட்டர் என்று அளந்தது உண்மையில் அரை மீட்டர். 70 பாகைக்கு மேல் திருத்தமே நம்பத்தகாது. வேறு கோட்டின் அளவை எடுங்கள்.

மூன்று கூட்டங்களின் உண்மை இடைவெளி 0.2, 0.4, 0.5 மீட்டர் என்றால், 1-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்ட, ஒரு கனமீட்டருக்கு 5 + 2.5 + 2 = 9.5 விரிசல். 115-லிருந்து இதன் 3.3 மடங்கைக் கழித்தால் பாறைத்தர எண் (RQD, கல் எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்பதன் சதவீத அளவு) சுமார் 84. இது தோராயம்தான், துளையிட்டு எடுத்த மாதிரிக்கு மாற்றல்ல.

ஈரத்தை மட்டும் சாரல் மாதங்களில் மறுபடி வந்து பாருங்கள். கோடையில் காய்ந்து கிடந்த எந்த விரிசலில் தண்ணீர் கசிகிறது என்பது அப்போதுதான் தெரியும். கிணற்றுக்கு இடம் பார்ப்பவருக்கும் சரிவுக்குப் பயப்படுபவருக்கும் அந்த விரிசல்தான் முக்கியம்.