நடுநிலைப்பள்ளி பசங்களை என்எம்எம்எஸ் எக்ஸாம்ல ஜெயிக்க வைக்கிறது எப்படி?

ஒன்றிய நடுநிலைப்பள்ளில எட்டாவது எடுக்குற சார், டீச்சர்களுக்கும் அங்க புள்ளைங்களை படிக்க வைக்கிற அம்மா அப்பாக்களுக்கும்தான் இது. என்எம்எம்எஸ்னு (தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை) ஒரு தேர்வு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், சர்க்குலர் வந்தா ஹெச்எம் கையெழுத்து வாங்கிட்டு போயிடுவாரு, கடைசி வாரத்துல ரெண்டு பழைய கொஸ்டின் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து கொடுப்போம், ரிசல்ட் வந்தா பக்கத்து ஒன்றியத்துல ஏதோ ஒரு ஸ்கூல்ல பத்து பேர் செலக்ட் ஆயிருப்பாங்க, நம்ம ஸ்கூல்ல யாருமே இருக்க மாட்டாங்க. உடனே "அவங்க புள்ளைங்க நல்லா படிக்கும்"னு சொல்லிடுவோம். அதை நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம பசங்க தோக்குறதுக்கு பெரிய காரணம் இந்த மாதிரி கேள்வித்தாளை அதுக்கு முன்னாடி அவங்க பாத்ததே இல்லங்கறதுதான்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. 2008ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம், எட்டாவது படிக்கும்போது தேர்வு, செலக்ட் ஆனா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருஷம் 12,000 ரூபா, நாலு வருஷத்துக்கு 48,000. நாடு முழுக்க வருஷத்துக்கு 1 லட்சம் பேருக்கு, அதுல தமிழ்நாட்டு பங்கு 6,695. அரசு பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி புள்ளைங்க மட்டும்தான் எழுத முடியும், ஏழாவதுல 55 சதவீதம் எடுத்திருக்கணும் (எஸ்சி, எஸ்டி புள்ளைங்களுக்கு 5 சதவீதம் குறைவு), குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். ரெண்டு தாள், மேட்னு சொல்ற மனத்திறன் 90 கேள்வி, சாட்னு சொல்ற பாடப்பகுதி 90 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 90 நிமிஷம். ரெண்டும் சேர்த்து 40 சதவீதம், அதாவது 180க்கு 72 எடுத்தா தகுதி, எஸ்சி, எஸ்டிக்கு 32 சதவீதம். ஆனா தகுதி வேற செலக்‌ஷன் வேற, 72 எடுத்தவங்க எல்லாருக்கும் பணம் வந்துடாது, இடத்துக்கு போட்டி இருக்கு. அதனால பசங்ககிட்ட 72னு சொல்லவே சொல்லாதீங்க, நூறுக்கு மேலன்னு சொல்லி வளருங்க.

முதல் வேலை யாரை எழுத வைக்கிறதுன்னு முடிவு பண்றது. க்ளாஸ்ல முதல் நாலு ரேங்க் எடுக்குற புள்ளைங்களை மட்டும் தனியா உக்கார வெச்சு கோச்சிங் கொடுக்குற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, தயவுசெஞ்சு வேணாம். கட்டுரை வினாவை அச்சு பிசகாம எழுதுற புள்ளை மேட்ல திணறும், பின்பெஞ்சுல உக்காந்து எதையாவது கிறுக்கிட்டு இருக்குற பையன் படத்தை பாத்த உடனே விடையை சொல்லிடுவான். தகுதி உள்ள எல்லாரையும் ஜூன்லயே சேருங்க, ஃபீஸ் 50 ரூபா, யாராவது கட்ட முடியலன்னா நாமளே போட்டுக்கலாம்.

மேட்ல இருந்து ஆரம்பிங்க. சாட்டுக்கு புத்தகம் இருக்கு, பாடம் எப்படியும் நடந்துட்டுதான் இருக்கும், மேட்டுக்கு மட்டும்தான் டைம்டேபிள்ல பீரியடே கிடையாது. காலைல ப்ரேயர் முடிஞ்சதும் ஒரு இருபது நிமிஷம் போதும், ஆனா தினமும் வேணும், ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் க்ளாஸ்னு நாலு மணி நேரம் உக்கார வைக்கிறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல. ஒரு வாரத்துக்கு ஒரே வகை கேள்வி. எண் தொடர்னா அந்த வாரம் முழுக்க எண் தொடர்தான். 2, 6, 12, 20, 30 அடுத்து என்னன்னு போர்டுல எழுதிட்டு சும்மா நில்லுங்க, வித்தியாசத்தை எழுதிப் பாக்கணும்னு ஒருத்தனுக்கு தோணும், 4, 6, 8, 10னு வந்தா அடுத்தது 12, விடை 42, அவனையே மத்தவங்களுக்கு சொல்ல சொல்லுங்க. நீங்க முந்திக்கிட்டு ஃபார்முலா சொல்லிட்டா அதை நோட்டுல எழுதிட்டு மறந்துடுவாங்க.

எழுத்தை எண்ணா மாத்துற குறியீட்டு கணக்குல தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு தடங்கல் எங்கன்னா ஆங்கில எழுத்தோட வரிசை எண் டக்குனு வராது, விரல் விட்டு எண்ணி எண்ணியே ஒரு நிமிஷம் போயிடும். அஞ்சு அஞ்சா அஞ்சு எழுத்தை மட்டும் மனப்பாடம் பண்ண வைங்க, ஈ (E) 5, ஜே (J) 10, ஓ (O) 15, டி (T) 20, ஒய் (Y) 25, மத்ததெல்லாம் அதுல இருந்து முன்ன பின்ன போய் எடுத்துக்கலாம். பின்னாடி இருந்து எண்ணுற கேள்வின்னா முன்னாடி வரிசை எண்ணை 27ல இருந்து கழிச்சா போதும்.

கண்ணாடி பிம்பத்துக்கு நிஜமாவே ஒரு முகம் பாக்குற கண்ணாடியை கொண்டு வந்து நோட்டு பக்கத்துல நிக்க வெச்சு காட்டுங்க, நீர் பிம்பம்னா அதே கண்ணாடியை படத்துக்கு கீழ வைங்க. கடிகார பிம்பத்துக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கு, 11:60ல இருந்து கழிக்கணும், 3:20ன்னா கண்ணாடில 8:40. திசை கணக்கை போர்டுல நடத்தவே நடத்தாதீங்க, கிரவுண்டுக்கு கூட்டிட்டு போய் வடக்கு பாத்து நில்லு, வலது பக்கம் திரும்பி பத்தடி நட, இடது பக்கம் திரும்புன்னு நடக்க விடுங்க, ரெண்டு நாள்ல எல்லாருக்கும் பிடிபட்டுடும். உருவங்களை எண்ணுற கேள்வில பசங்க கண்ணால எண்ணி பாதியை விட்டுடுவாங்க, முக்கோணத்தோட உச்சில இருந்து அடிக்கு கோடு போட்டு நாலா பிரிச்சிருந்தா 1+2+3+4, மொத்தம் 10. மூணுக்கு மூணு கட்டம்னா சதுரம் 9+4+1, மொத்தம் 14. ஏன் இப்படி வருதுன்னு ஒரு தடவை கலர் சாக்பீஸ்ல போட்டுக் காட்டிடுங்க, இல்லன்னா எல்லா படத்துக்கும் இதையே போட்டு வைப்பாங்க. நாள்காட்டி கேள்விக்கு ஒரே விஷயம், சாதா வருஷத்துக்கு கிழமை ஒண்ணு தள்ளும், நடுவுல பிப்ரவரி 29 வந்தா ரெண்டு தள்ளும், 2025 ஆகஸ்ட் 15 வெள்ளின்னா 2026ல சனி.

சாட்ல அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. இங்க நிறைய பேர் கைடு வாங்கி கொடுத்துடறாங்க, எனக்கு அதுல விருப்பமில்ல, ஏழாவது எட்டாவது பாடப்புத்தகமே போதும், எட்டாவதுல எதுவரைக்கும் வரும்னு அந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கோங்க. பெரும்பாலும் மறந்து போறது ஏழாவதுதான். டெல்லி சுல்தான்கள், பிற்கால சோழர்கள் எல்லாம் போன வருஷமே முடிஞ்சதுன்னு புத்தகத்தை பழைய பேப்பருக்கு போட்டிருப்பாங்க, அதனால ஏழாவது முடிக்கும்போதே புத்தகத்தை பத்திரமா வெச்சுக்க சொல்லுங்க. பாடத்துக்கு பின்னாடி இருக்குற பயிற்சி மட்டும் படிச்சா பத்தாது, நடுவுல பெட்டி போட்டு கொடுத்திருக்குற தகவல், படத்துக்கு கீழ இருக்குற வரி, அட்டவணை, இதுலல்லாம் கேள்வி எடுக்கலாம். கூற்று-காரணம் கேள்விக்கு தனியா பழக்கணும், ரெண்டு வரியும் சரியா இருந்தாலே "காரணம்தான் கூற்றுக்கு சரியான விளக்கம்"ங்கற விடையை போட்டுடறாங்க, "இதனாலதான் அது நடந்துச்சா?"ன்னு கேட்டுப் பாக்குறதே இல்ல. புள்ளைங்களே ஒரு பாடத்துக்கு பத்து கேள்வி நாலு விடையோட எழுதி மாத்தி மாத்தி கேட்டுக்கிட்டா படிச்ச மாதிரியும் இருக்கும், தப்பான விடையை எப்படி நம்புற மாதிரி வைக்கிறாங்கன்னும் புரியும்.

ஓஎம்ஆர் தாள், அதாவது வட்டத்தை நிரப்பி விடை குறிக்கிற தாள். இதுல போற மார்க்குக்குதான் எனக்கு வயித்தெரிச்சல். நம்ம புள்ளைங்க கையில வாழ்க்கைல முதல் தடவையா ஓஎம்ஆர் வர்றது எக்ஸாம் ஹால்லதான், வட்டத்துக்குள்ள டிக் போடுறது, பாதி நிரப்புறது, அழிச்சிட்டு வேற போடுறது எல்லாம் நடக்கும். அதை விட மோசம் ஒரு கேள்வியை விட்டுட்டு அடுத்த கேள்விக்கு போகும்போது தாள்ல அந்த வரிசையை விடாம நிரப்பிடறது, அப்புறம் வரிசையா எல்லாமே ஒண்ணு தள்ளி தப்பு. மாதிரி ஓஎம்ஆரை ஜெராக்ஸ் எடுத்து எல்லா டெஸ்ட்டையும் பேனாவால அதுலயே எழுத வைங்க. விடையை கண்டுபிடிச்ச உடனே நிரப்பணும், கடைசில மொத்தமா நிரப்பிக்கலாம்னு விடக்கூடாது. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வி கூட காலியா இருக்கக்கூடாது, தெரியலன்னாலும் நிச்சயமா தப்புன்னு தெரியற ரெண்டை அடிச்சிட்டு மிச்சத்துல ஒண்ணு போடணும்.

கேள்விக்கு ஒரு நிமிஷம்தான் கணக்கு, நிரப்புற நேரமும் அதுக்குள்ளயே. ரெண்டு சுத்தா போக சொல்லுங்க, முதல் சுத்துல பாத்த உடனே வர்றது மட்டும், இழுக்குற கேள்விக்கு கேள்வித்தாள்ல ஒரு சுழி போட்டுட்டு நகர்ந்துடணும், ஒரு அறுபது நிமிஷத்துல கடைசி கேள்வியை கண்ணால பாத்திருக்கணும்.

டெஸ்ட் வெச்சா மார்க்கை போட்டு ரேங்க் எழுதி ஒட்டிட்டா வேலை முடிஞ்சிடல. ஒவ்வொரு புள்ளையும் தன்னோட தப்பை தானே மூணா பிரிக்கட்டும், எனக்கு இது தெரியாது, தெரியும் ஆனா அவசரத்துல விட்டேன், நேரமில்லாம தொடவே இல்ல. தெரியாததை நீங்க திரும்ப நடத்தணும், அவசரத்துல விட்டதுக்கு கேள்வியோட கடைசி வார்த்தையை அடிக்கோடு போட பழக்கணும் ("பொருந்தாதது எது"ங்கறதை பொருந்துவதுன்னு படிக்கிற புள்ளைங்க எக்கச்சக்கம்), நேரம் பத்தாததுக்கு டைமர் வெச்சு சின்ன டெஸ்ட், பதினஞ்சு கேள்வி பதினஞ்சு நிமிஷம். இந்த நோட்டை டிசம்பர்ல பாத்தா யாருக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஃபார்ம் வேலையை தள்ளிப் போடாதீங்க. ஆதார்ல ஒரு பேரு, எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட மாணவர் விவரப் பதிவு) ஒரு பேரு, இனிஷியல் ஒண்ணுல முன்னாடி ஒண்ணுல பின்னாடி, பிறந்த தேதி வேற, இதெல்லாம் அப்ளை பண்ணும்போது சின்ன விஷயமா தெரியும், பணம் வர்ற நேரத்துல மாட்டும். வருமான சான்று, சாதி சான்று, புள்ளை பேர்ல ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுண்ட் மூணையும் அரையாண்டுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

செலக்ட் ஆனதுக்கு அப்புறம்தான் நம்ம மாதிரி நடுநிலைப்பள்ளிக்கு பெரிய சிக்கல். எட்டாவதோட டிசி வாங்கிட்டு புள்ளைங்க நாலு திசைக்கு நாலு ஸ்கூலுக்கு போயிடுவாங்க, பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதோ ஒன்பதாவதுல, அந்த புது ஸ்கூல் வழியா, தேசிய உதவித்தொகை போர்ட்டலான என்எஸ்பில. புது ஸ்கூல்ல இந்த புள்ளை செலக்ட் ஆனதே யாருக்கும் தெரியாது, தேதி முடிஞ்சிடும். அதனால ரிசல்ட் பக்கத்தை பிரிண்ட் எடுத்து டிசியோட சேர்த்து கொடுத்து அனுப்புங்க, ஜூன்ல அந்த ஸ்கூல் ஹெச்எம்முக்கு ஒரு போன் போடுங்க, ஸ்கூல் லெவல்லயும் மாவட்ட லெவல்லயும் வெரிஃபை ஆயிடுச்சான்னு அப்பப்ப அப்பா அம்மாவை பாக்க சொல்லுங்க. இங்கிலீஷ் மீடியம் ஆசைல தனியார் பள்ளில சேத்தா உதவித்தொகை கிடையாது, இதை டிசி கேக்க வரும்போதே சொல்லிடணும். வருஷா வருஷம் ரினியூவல் பண்ணணும், ஒன்பதையும் பதினொண்ணையும் முதல் தடவையிலயே பாஸ் பண்ணணும், பத்தாவதுல 60 சதவீதம் எடுத்தாதான் பிளஸ் ஒன்ல தொடரும், எஸ்சி, எஸ்டிக்கு 55.