ஆயுத பூஜைக்குள் ஓடவேண்டிய கார்: மின் பந்தயக் கார் கட்டும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மின் பந்தயக் கார் கட்டும் கல்லூரி அணிகளைப் பார்க்கும்போது மோட்டார் என்ன, பேட்டரி என்ன என்று நான் முதலில் கேட்பதில்லை. ஆயுத பூஜை அன்று வண்டி சொந்தமாக ஓடுமா என்றுதான் கேட்பேன்.

மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும். அதற்கு முந்தைய மூன்று மாதமும் இங்கே வடகிழக்குப் பருவமழை. நடுவில் செமஸ்டர் தேர்வு வேறு. "இன்னும் நாலு மாசம் இருக்கே" என்று செப்டம்பரில் போடும் கணக்குதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். மழை, தேர்வு, தீபாவளி லீவு எல்லாம் போக, ஓட்டிப் பார்க்க இரண்டு வாரம் மிஞ்சினால் பெரிய விஷயம்.

நான் படித்த காலத்தில் எங்கள் காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டர் இன்னும் வந்து சேரவில்லை. நாங்களே தள்ளித்தான் பழத்தை நசுக்கினோம். போட்டிக்குக் கிளம்பும்வரை அந்தக் கார் மொத்தமாக ஓடியது 9 கிலோமீட்டர்தான். போட்டியில் வரும் நெடுந்தூர ஓட்டமான எண்டியூரன்ஸ் பந்தயமோ 22 கிலோமீட்டர். பாதி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். தடித்த கேபிளின் முனையில் இருந்த லக்கை (போல்ட்டில் மாட்டுவதற்கான உலோக முனை) இரண்டு விரலால் பிடித்தபோதே சுழன்றது. மேலே போட்டிருந்த ஆரஞ்சு உறை பழுப்பாகியிருந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய நல்ல லக்தான். ஆனால் அதைக் கேபிளில் வைஸில் வைத்துச் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தோம். உள்ளே செம்பு இழைகளுக்கு நடுவே இடைவெளி. இடைவெளி இருந்தால் மின்தடை, மின்தடை இருந்தால் சூடு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்காகும்.

இதை இன்றும் பல அணிகள் செய்கின்றன. லக்கைக் கேபிளோடு அழுத்தி இறுக்க, கேபிள் அளவுக்கேற்ற டை (அச்சு) போட்ட ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வேண்டும். கையில் இல்லையென்றால் அம்பத்தூர், கிண்டி பக்கம் பேனல் போர்டு செய்யும் பட்டறையில் போய்க் கேளுங்கள். ஒரு மாதிரி லக் அடித்து, குறுக்கே அறுத்துப் பாருங்கள். இழைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே செம்புத் துண்டுபோல இருக்க வேண்டும். பேட்டரிப் பெட்டிக்குள் பெரிய மின்னோட்டம் போகும் போல்ட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷரோ, லாக்டைட் பசையோ போட்டால் போட்டி விதிப்படி செல்லாது. சூட்டைத் தாங்கும் உறுதியான பூட்டு வேண்டும். முறுக்கி முடித்ததும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பேட்டரிக் கணக்கு. விதி 80 கிலோவாட் திறன் வரை அனுமதிக்கிறது என்றதும் எல்லாரும் அந்த எண்ணுக்காகவே வடிவமைக்கிறார்கள். 22 கிலோமீட்டரை மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினால் சுமார் 26 நிமிடம் ஆகும். பேட்டரியில் 6 யூனிட் இருந்தால் (கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்), சராசரியாகச் செலவழிக்க முடிவது 14 கிலோவாட்டுக்கும் குறைவு. 80 என்பது 75 மீட்டர் ஆக்ஸலரேஷன் ஓட்டத்துக்கு உதவும். பந்தயத்தை முடிக்க வைப்பது அந்த 14தான். வெப்பமும் அப்படியே. பேட்டரி செல் 60 டிகிரியைத் தொடக்கூடாது. மே மாத மதியம் பெட்டி 40 டிகிரியில் இருந்தே தொடங்கினால் கையில் இருப்பது 20 டிகிரி மட்டுமே. ஏசி அறையில் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

வண்டியை ஆன் செய்யும்போது மின்னோட்டம் ஒரேயடியாகப் பாயாமல் தடுக்கும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரை, ஒரே ஒரு முறை ஆன் செய்வதற்கான கணக்கில் வாங்குவதும் தவறு. பிழை தேடும்போது ஐந்து நிமிடத்தில் பத்து முறை ஆன் செய்வீர்கள். ரெசிஸ்டர் கருகும்.

அப்புறம் மழைச் சோதனை. வண்டியை ஜாக்கில் ஏற்றி, மின்சாரத்தை உயிரோடு வைத்து, 120 வினாடி எல்லாப் பக்கமும் தண்ணீர் தெளிப்பார்கள். மேலும் 120 வினாடி காத்திருப்பார்கள். அதற்குள், மின்சாரம் கார் உடலுக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இன்சுலேஷன் கண்காணிப்புக் கருவி டிரிப் ஆகக்கூடாது. முந்தின ராத்திரி எல்லா இடுக்கிலும் சிலிக்கான் பூசுவது வழக்கமாகிவிட்டது. காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அது செம்பை அரிக்கும். கனெக்டரை ஐ.பி. தரம் (தண்ணீர், தூசி புகாத அளவு) பார்த்து வாங்கி, வாயைக் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். நம் ஊர் மழையில் கல்லூரிக்குள்ளேயே ஒத்திகை பார்க்கலாம். கருவி அடிக்கடி டிரிப் ஆகிறது, இது சும்மா தொல்லை என்று அதை பைபாஸ் செய்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது உங்கள் ஓட்டுநரின் உயிர்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகப் பேட்டரிப் பெட்டியைத் திறப்பதும் வேண்டாம். பேட்டரியின் ஒவ்வொரு பகுதியும் (செக்மென்ட்) 120 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருப்பதே பிரித்துவைத்து வேலை செய்யத்தான். முதலில் அந்தப் பகுதிகளை இணைக்கும் மெயின்டனன்ஸ் பிளக்குகளைக் கழற்றுங்கள். மோதிரம், செம்புக் காப்பு, கழுத்துச் சங்கிலி எதுவும் இருக்கக்கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். பவரை எங்கே துண்டிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டுநரைக் கடைசி வாரத்தில் முடிவு செய்யும் அணிகளும் உண்டு. பெல்ட், ஹெல்மெட், கையுறையோடு உட்கார்ந்திருப்பவர் 5 வினாடிக்குள் காரைவிட்டு வெளியே நிற்க வேண்டும். வியர்த்த கையுறையில் ஸ்டீயரிங்கின் விடுவிப்பு வளையம் வழுக்கும். சேஸி வெல்டிங் முடிந்த அன்றே, பேட்டரி வருவதற்கு முன்பே, சீட்டைப் போட்டு அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் எங்கே இடிக்கிறது என்று அப்போது தெரிந்தால் சேஸியின் குழாயை இன்னும் மாற்றலாம்.